ஆட்டு முடி என்று நான் சொன்ன பிரஷ்

எழுதிப் பழகாத கை இது. படிவம் மூன்றோடு பள்ளிக்கூடத்தை விட்டு, புக்கிட் ரம்பாயில் ஒரு தொழிற்சாலையில் ஒயர் பூட்டியே இத்தனை வருடம் ஓட்டியவள் நான். கடைசியாக நீளமாக எழுதியது ஒரு விடுப்புக் கடிதம். அப்படிப்பட்டவள், அதுவும் பெண்பிள்ளை, ஆண்கள் சவரம் செய்யும் பிரஷ்ஷைப் பற்றி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் குளியலறைச் சன்னலில் அந்தப் பிரஷ் இன்னும் இருக்கிறது. நீல விளிம்பு போட்ட ஓர் எனாமல் கோப்பைக்குள் நிற்கிறது. பிரஷ் நான் வாங்கியது. கோப்பை எங்களுடையது அல்ல.

அப்பா லூபோக் சீனா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் தண்டலாக இருந்தவர். காலைப் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும்போது, தன் முகத்தில் ஒரு முள் முடிகூட இருக்கக்கூடாது அவருக்கு. கிண்ணத்தில் நுரை அடிக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. சோப்புக் கட்டியை ஈரக் கன்னத்தில் நேராகத் தேய்த்து, பிரஷ்ஷைச் சுழற்றி முகத்திலேயே நுரை எழுப்புவார். கிண்ணத்தில் அடிப்பவர்களைக் கண்டால், "கேக்கு சுடப் போறானுங்க" என்பார். வேலை ஓய்ந்து எங்கள் தாமான் குடியிருப்புக்கு என்னோடு வந்த மூன்றாம் வருடம் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, வலது கன்னம் மரத்தது, பேச்சு பாதியாகக் குறைந்தது. அவருடைய பழைய பிரஷ்ஷும் அந்த நேரத்தில்தான் கொத்துக் கொத்தாக முடி கொட்டி உதவாமல் போனது.

பேரங்காடியில் மெத்தென்று இருந்த ஒரு நைலான் பிரஷ் வாங்கி வந்து நுரை போட்டேன். இடது கன்னத்தில் போட்டபோது வாகாகக் காட்டினார். வலது கன்னத்துக்கு வந்ததும் என் கையைத் தட்டிவிட்டார். "இந்தப் பக்கம்... ஆளே இல்ல" என்றார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே அவ்வளவு தூரம். அவருக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மலாக்கா டவுனில் ஒரு பழைய சீனக் கடை. கேட்கவே கூச்சமாக இருந்தது. பெயிண்ட் பிரஷ்களைப் பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றேன். கடைக்காரத் தௌக்கே தானாகவே வந்து, "ஆச்சி, யாருக்கு?" என்று மலாயில் கேட்டார். சொன்னேன். மூன்று பிரஷ்களை எடுத்து வைத்தார். ஒன்று நைலான். இன்னொன்று ஏதோ காட்டு மிருகத்தின் முடி, பூனைக்குட்டிபோல் இருந்தது. மூன்றாவதைத் தனி அலமாரியிலிருந்து எடுத்தார். "இது பன்றி முடி. மலாய்க்காரர் கை படாமல் தனியாக வைத்திருக்கிறேன்" என்றார். அவர் அந்தப் பக்கம் திரும்பியபோது மூன்றையும் என் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் இரண்டும் படிந்து போயின. பன்றி முடி குத்தியது, ஆனால் கீறவில்லை. அந்த அலமாரியில் அதிலேயே நீள முடி வைத்தது ஒன்றும் குட்டை முடி வைத்தது ஒன்றும் இருந்தன. நீளமானது அழுத்தினால் குடைபோல் விரிந்தது. குட்டையானது விறைப்பாக நின்று சுழன்றது. அதைத்தான் எடுத்தேன்.

அன்று மாலை கார் நிறுத்தும் இடத்தில் அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தேன். வலது கன்னத்தில் பிரஷ்ஷை வைத்து இரண்டு சுற்றுச் சுற்றியதும் அவர் கண்ணைத் திறந்தார். "தெரியுது" என்றார்.

பிரஷ்ஷைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்த எனக்குப் பிளேடு பிடிக்கத் தெரியவில்லை. மோவாயில் வெட்டிவிட்டேன். ரத்தத்தைக் கண்டு நான் துண்டைத் தேடுகையில் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியவர், பாக்சிக் என்று நாங்கள் கூப்பிடுபவர், வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் அதே தோட்டத்தில் ரப்பர் பால் லாரி ஓட்டியவர். தோட்டத்திலேயே பிறந்ததால் எங்களைப் போலவே தமிழ் பேசுவார்.

"என்னா லா, அப்பாவ அறுக்கிறியா? நவுரு நவுரு" என்று உள்ளே வந்து பிளேடை வாங்கிக்கொண்டார். அப்பாவைப் பார்த்து, "தண்டலே, ஒரு காலத்துல என் லாரிய நிறுத்தி வெச்சி எத்தன தடவ ஏசின? இப்ப கழுத்து என் கையில இருக்கு" என்றார். அப்பா சிரித்தார். வாய் ஒரு பக்கம்தான் போனது.

நுரை நான் போடுவது, பிளேடு அவர் பிடிப்பது என்றுதான் நினைத்திருந்தேன். அடுத்த முறை அவர் தன் வீட்டிலிருந்து எனாமல் கோப்பையில் சுடுதண்ணீரோடு வந்து, நான் வாய் திறப்பதற்குள் பிரஷ்ஷை அதில் முக்கிவிட்டார். புது பிரஷ், ஈரமானதும் வாடை கிளம்பியது. மூக்கருகே கொண்டுபோய், "என்னா வாசம் இது? என்னா முடி?" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தைதான். சொன்னால் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போய்விடுவார், அப்பாவை யார் மழிப்பது, அந்தக் கன்னத்துக்கு வேறு எது தெரியும் என்று மனம் கணக்குப் போட்டது. "ஆட்டு முடி பாக்சிக்" என்றேன்.

"அதான பாத்தேன். கெடா ஆடு" என்று சொல்லிவிட்டு அவர் நுரை எழுப்பத் தொடங்கினார்.

புதனும் ஞாயிறும் மூன்று மணிக்கு வருவார். பிரஷ்ஷின் வாடை ஒரு மாதத்தில் போய்விட்டது. முடியின் நுனிகள் பிளந்து மிருதுவாகின; அடி மட்டும் உறுதியாகவே நின்றது. அப்பாவும் ஒவ்வொரு வார்த்தையாகப் பேச ஆரம்பித்தார். "டிரைவர்... லேட்டு" என்பார், மூன்று மணி ஐந்து நிமிடமானால். "பெரட்டுக்குப் பேர் வெட்டிடாத தண்டலே" என்பார் பாக்சிக். நான் தேநீர் கலக்கும் சாக்கில் சமையலறைக்குப் போய்விடுவேன். அவர் கை அந்த நுரையில் இருப்பதைப் பார்க்க முடியாது எனக்கு.

நோன்பு மாதம் வந்தது. வரமாட்டார் என்று நினைத்தேன், பாதி அதை விரும்பினேன்கூட. ஆனால் நோன்போடு வெயிலில் வந்து நின்றார். அந்தப் புதன்கிழமை மழித்து முடித்ததும் எங்கள் குழாயில் கையை அலசி, தோளில் கிடந்த துண்டில் துடைத்துக்கொண்டு, "அப்படியே சூராவுக்குப் போறேன். தண்டலுக்கும் சேத்துக் கேட்டுக்கிறேன்" என்றார். தொழுகைக் கூடத்தில் எங்கள் அப்பாவுக்காகப் பிரார்த்தனை, அந்தக் கையோடு.

கேட் வரைக்கும் ஓடினேன். "பாக்சிக், அது ஆட்டு முடி இல்ல" என்றேன். அவர் காத்திருந்தார். மலாய்ச் சொல்லும் வரவில்லை, தமிழ்ச் சொல்லும் வரவில்லை. கடைசியில், "பன்னி முடி" என்றேன்.

அவர் தன் கையைப் பார்த்தார். உடம்பிலிருந்து சற்று விலக்கிப் பிடித்துக்கொண்டார்.

"எத்தன மாசம்?"

"அஞ்சு மாசம்."

"தண்டலுக்குத் தெரியுமா?"

"தெரியாது பாக்சிக். அப்பாவுக்கு அந்தக் கன்னத்துல இது ஒண்ணுதான் தெரியுது. அதனாலதான்..."

"கேட்டப்ப சொல்லியிருந்தா நான் ஒன்ன கடிச்சித் தின்னுருப்பனா? கைய கழுவிடுவேன். அதுக்கு எங்களுக்கு வழி இருக்கு. ஆடுன்னு என் மூஞ்சப் பாத்துச் சொன்னியே, அத நான் என்னா செய்றது?"

"கோப்பை..." என்றேன். "நீயே வெச்சிக்க" என்று சொல்லி நடந்தார். சூராவுக்குப் போகவில்லை, வீட்டுக்குத்தான்.

எங்கள் சமையலறைச் சன்னலுக்கு நேரே அவர் வீட்டு வெளிக்குழாய். ரம்புத்தான் மரத்தடியில் மண்ணைச் சுரண்டி வாளித் தண்ணீரில் கரைத்து, முழங்கை வரை ஊற்றிக்கொண்டார். பிறகு வெறும் தண்ணீர். நான் எண்ணிக்கொண்டே நின்றேன். மண்தண்ணீரோடு சேர்த்து ஏழு முறை; அவர் சொன்ன வழி அதுதான். கைகளை உதறிவிட்டு, எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். வெளியே அப்பா, மழித்த முகத்தோடு, "டிரைவர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பாக்சிக் இப்போது செர்காமில் மகன் வீட்டில் இருக்கிறார்; பெருநாளுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். அந்தப் பொய்யைப் பற்றி அவரும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. மன்னித்தாரா என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. சில நாட்களில் பிரஷ்ஷைக் கோப்பையிலிருந்து எடுத்து, ஈரமாக்கி, என் கன்னத்தில் வைத்துப் பார்ப்பேன். நுனி பஞ்சுபோல் ஆகிவிட்டது. அழுத்தினால் மட்டும் உள்ளிருந்து குத்துகிறது.

அவர் ஏழு முறை கை கழுவிய அன்றைக்கு மறுநாள் வியாழக்கிழமை, மழிக்கும் நாள் அல்ல. மூன்று மணிக்குப் பாக்சிக் வந்தார். மருந்துக்கடையில் வாங்கிய ரப்பர் கையுறைப் பெட்டி ஒன்று கையில் இருந்தது. ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு அப்பாவுக்கு நுரை போட்டார்.