கொட்டகையில் முட்டி போட்ட பெண்கள்

என் பிள்ளையைக் கல்லறைச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது. கோயில் மணியும் அடிக்கவில்லை. என் கணவரின் அண்ணன் சைகோனில் வேலை பார்த்தார். அவர்தான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் ஆசை. கப்பல் வரட்டும், வரட்டும் என்று ஞானஸ்நானத்தைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு விடியற்காலை பிள்ளை என் பக்கத்தில் சில்லிட்டுக் கிடந்தான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம். அவன் அந்த அவகாசத்தையும் எங்களுக்குக் கொடுக்கவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அப்படித்தான் அடுத்த வாரம் கப்பல் வந்தது.

எனக்கு அழுகை வரவில்லை. பிள்ளை மோட்சத்துக்கும் போகமாட்டான், நரகத்துக்கும் போகமாட்டான், நடுவில் ஓரிடத்தில் இருப்பான், கடவுளின் முகத்தை மட்டும் பார்க்கமாட்டான் என்று சாமியார் சொன்னார். "சரிங்க சாமி" என்றேன். நெல் புடைத்தேன், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மாரில் பால் கட்டிக்கொண்டபோதுகூட வேறு யாருக்கோ வலிக்கிற மாதிரி இருந்தது. "கல்லுளிமங்கியாட்டம் இருக்காளே, அழுதாத்தானே ஆறும்" என்று மாமியார் தினமும் புலம்பினாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அழுகை என்ன கிணற்றிலா கிடக்கிறது, இறைத்துக் கொட்ட?

சைகோன்காரருக்கு என் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அப்போது வில்லியனூர் திடலில் டூரிங் கொட்டகை போட்டிருந்தார்கள். பார்த்தவர்கள் எல்லாம் அழுதுவிட்டு வரும் படம் என்று கேள்விப்பட்டு, அவரே வண்டி கட்டச் சொன்னார். கணவர், நாத்தனார், தெருப் பெண்கள் சிலர், எல்லோருமாக என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ராஜா ராணிக் கதை. ராணியின் மகன் போரில் செத்துப்போகிறான். அவள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, அவனை மடியில் கிடத்திக்கொண்டு பாட ஆரம்பித்தாள். எங்கள் ஊரில் வருஷா வருஷம் பாஸ்கு நாடகம் போடுவார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய ஏசுவின் உடலை மாதா மடியில் கிடத்தும்போது ஊரே முட்டி போட்டு நிற்கும். அந்தப் பழக்கம் கால்களிலேயே ஊறியிருக்க வேண்டும். முதலில் நாத்தனார் மணலில் முட்டி போட்டாள், பிறகு தெருப் பெண்கள். ஒருத்தி சிலுவை போட்டுக்கொண்டு ஜெபமே தொடங்கிவிட்டாள்.

"இன்னாம்மா இது, கோயிலா? குந்துங்க, படம் மறைக்குது!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள்.

"வியாகுல மாதாடி அது, சும்மா இரு!" என்று நாத்தனார் திரும்பிச் சீறினாள். அவள் கன்னமெல்லாம் கண்ணீர்.

ராணியின் நெற்றியிலோ இம்மாம் பெரிய குங்குமப் பொட்டு. மாதாவாம்! வேறு சமயமாக இருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பேன். நான் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தேன்.

பாட்டு முடிந்ததும் ஆகாயத்தில் ஒரு தெய்வம் தோன்றிக் கையைக் காட்டியது. பையன் கண்ணைத் திறந்து எழுந்து உட்கார்ந்தான். கொட்டகை முழுக்க விசில். "பாத்தியா அண்ணி, உயிர்த்துட்டாரு! மூணாம் நாள் வரைக்கும்கூட காத்திருக்கல!" என்று நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

திரும்பும்போது வண்டியில் எல்லோரும் அந்தப் பாட்டைத்தான் முணுமுணுத்தார்கள். அடுத்த பாஸ்குவில் மாதாவுக்கு இந்த மெட்டையே வைத்துவிடலாம் என்றுகூடப் பேச்சு நடந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த சைகோன்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "படம் புடிச்சுதாம்மா?"

"அந்தப் பையனுக்கு யாரு ஞானஸ்நானம் குடுத்தது?" என்றேன். அவரைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

பாட்டு நின்றுவிட்டது. சைகோன்காரர் வண்டியிலிருந்து இறங்கி, பின்னாலேயே நடந்து வந்தார். சக்கரச் சத்தத்துக்கு நடுவே அவர் அழுவது எல்லோருக்கும் கேட்டது. எனக்கு அப்போதும் வரவில்லை.