கடை விளக்கும் ஃபார்ச்சுனேட்லியும்

1. சேர்ந்த நாள்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுச் சேலைக் கடையில் நான் விற்பனைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் நடுவில். படிப்பு எட்டாவதோடு சரி. காமாட்சியம்மனைக் கும்பிட்டுவிட்டு, நெற்றிக் குங்குமத்தோடு போய் நின்றேன். முதலாளி குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்:

"ஏம்பா ஏகாம்பரம், இந்த வெளக்கு எரியற வரைக்கும் உன் வாயில 'இல்லை'ன்ற வார்த்தை வரக்கூடாது. கேட்ட சரக்கு இல்லேன்னா 'வந்துக்கினே இருக்குது'ன்னு சொல்லு. எதைச் சொன்னாலும் மொத வார்த்தை நல்ல வார்த்தையா இருக்கணும். தெரிஞ்சுதா?"

எனக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டிலும் விளக்கு அணைந்தது என்று சொல்ல மாட்டோம், குளிர்ந்தது என்போம். தாலிக்கயிறு அறுந்தால் பெருகியது என்போம்.

2. முன்னால் போகும் மேளம்

கோயில் பார்க்க வரும் வெளியூர்க்காரர்கள் கடைக்குள் வந்தால் இங்கிலீஷ்தான். பேச ஆள் இல்லை. நான் காதைக் கொடுத்துக் கேட்டே கற்றுக்கொண்டேன். ஒன்று கவனித்தேன். நடந்ததைச் சொல்லும்போது அவர்கள் கதைக்கு முன்னால் ஒரு வார்த்தையை அனுப்புவார்கள். சாமி தெருமுனை திரும்பும் முன்பே மேளம் காதில் விழுமே, அதுபோல. மேளத்தைக் கேட்டாலே வருவது கல்யாணமா, வேறு ஊர்வலமா என்று நமக்குத் தெரிந்துவிடும்.

'லக்கிலி' என்று தொடங்கினால் நானும் சிரிக்கத் தயாராகிவிடுவேன். 'சடன்லி' என்றால் குடிக்கத் தண்ணீர் எடுத்து வைப்பேன். 'ஈவென்ச்சுவலி' என்றால் கதை நீளம், ஸ்டூலை இழுத்துப் போட வேண்டும். 'யெஸ்டர்டே' என்றால் நேற்றே வேறு கடையில் விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறார்கள். 'அன்ஃபார்ச்சுனேட்லி' என்றால் கையிலிருக்கும் சேலையை மடித்துக் கீழே வைத்துவிட வேண்டியதுதான்.

நான் பேசும்போது முதலாளி சொன்ன விதிதான். முதல் வார்த்தை எப்போதும் 'ஃபார்ச்சுனேட்லி'. தெய்வாதீனமாக என்பதுபோல ஒரு மங்கல வார்த்தை. "ஃபார்ச்சுனேட்லி மேடம், தட் கலர் சோல்ட் அவுட்" என்பேன். சிரித்துக்கொண்டே வேறு கலர் எடுப்பார்கள். நம் இங்கிலீஷ் எடுபடுகிறது என்று நினைத்துக்கொள்வேன்.

3. நின்ற தறி

எழுபதுகளின் தொடக்கத்தில் டெல்லியிலிருந்து ஓர் அம்மா, மகளின் முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் கொடுத்தார். உடல் அரக்கு நிறம். கரைக்கு, அம்மன் கையிலிருக்கும் கிளியின் பச்சை வேண்டும் என்றாள் கூட வந்த மகள். ஐயம்பேட்டை நெசவாளி முனுசாமியின் தறியில் பாவு, அதாவது நெடுக்கு நூல், ஏற்றினோம். உடல் முடிந்து முந்தானை தொடங்கிய நேரத்தில் முனுசாமியின் தாயார் காலமாகிவிட்டார். காரியம் முடியும்வரை தறிக்குழியில் யாரும் கால் வைக்கக் கூடாது. தறிமேல் துணியைப் போர்த்திவிட்டார்கள்.

துக்கம் விசாரிக்கப் போன என்னிடம் முனுசாமி கேட்டார்: "தீட்டு வூட்டுத் தறின்னு பாவை அறுத்துடச் சொல்லுவாங்களாண்ணே? அம்மா கையால நூல் இழைச்ச பாவுண்ணே அது."

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன். அந்த வாரமே டெல்லித் தாயும் மகளும் சேலை வாங்க வந்து நின்றார்கள்.

முதலாளி என்னை உள்ளே இழுத்துப்போனார். "இதே மாதிரி பச்சைக் கரை ஒண்ணு அலமாரியில இருக்குது. எடுத்துப் போட்டு, இதான்மா உங்க சேலைன்னு சொல்லிடு."

"முகூர்த்தச் சேலைங்க முதலாளி. அம்மனைப் பாத்துட்டு வந்து கேட்ட பச்சை. பொய் சொல்லி எப்படிங்க குடுக்கறது?"

"சாவு வூட்டுத் தறின்னு தெரிஞ்சா யாருபா தொடுவாங்க?" அங்கிருந்தே எட்டி விளக்கைப் பார்த்தார். "சரி, நெசத்தையே சொல்லு. ஆனா மொத வார்த்தை ஞாபகம் இருக்கட்டும்."

நான் வந்து, கை கூப்பி, தெளிவாகச் சொன்னேன்: "ஃபார்ச்சுனேட்லி மேடம், வீவர்ஸ் மதர் டைடு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மாவின் முகம் மாறியது. "வாட் டிட் யு சே?"

கேட்கவில்லை போலிருக்கிறது என்று இன்னும் உரக்கச் சொன்னேன். பின்னால் முதலாளி, நல்ல வார்த்தை காதில் விழுந்த திருப்தியில், தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா எழுந்துவிட்டார். சொன்ன வார்த்தை தப்பாகப் பட்டுவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. விளக்கைக் காட்டினேன். "திஸ் ஷாப் மேடம், லாம்ப் பர்னிங், ஃபர்ஸ்ட் வேர்ட் ஆல்வேஸ் குட் வேர்ட்" என்றேன்.

அவர் விளக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மெல்ல உட்கார்ந்தார். பிறகு சொன்னதை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். அவர் கணவர் பட்டாளத்துக்காரர், எல்லைச் சண்டையில் போனவர். தந்தி வருவதற்கு முன் அவருடைய சிநேகிதர் வீட்டுக்கு வந்திருக்கிறார். விஷயத்தைச் சொல்ல மனம் வராமல் நல்ல வார்த்தையாகவே பேசிக்கொண்டிருந்தாராம். "நான் சந்தோஷமாக டீ போட்டுக் கொடுத்தேன். அந்த டீயைத்தான் இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. தந்தியின் முதல் வார்த்தை 'டீப்லி', ஆழ்ந்த வருத்தத்தோடு என்று. அந்த ஒரு வார்த்தைதான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது."

பிறகு, "நவ் டெல் மீ அகெய்ன்" என்றார்.

அம்மனை மனதில் நினைத்துக்கொண்டேன். "ஸேட்லி மேடம், வீவர்ஸ் மதர் டைடு." தறி நின்றதையும், காரியம் முடிந்து மஞ்சள் தண்ணீர் தெளித்தபிறகுதான் நெசவு என்பதையும், அந்தப் பாவுக்கு நூல் இழைத்தது யார் கை என்பதையும் மறைக்காமல் சொன்னேன்.

முதலாளி பதறிப்போய் வந்தார். "என்னாபா, மொத வார்த்தையை மாத்திட்ட?"

"அவங்களே கேட்டாங்க முதலாளி."

அம்மா மகளைப் பார்த்தார். மகள், "அந்தத் தறிச் சேலைதான் வேண்டும், கல்யாணத்துக்கு நாள் இருக்கிறது" என்றாள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டு, வீவரிடம் எங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள் என்றார். அன்று சாயங்காலமே ஐயம்பேட்டைக்குப் போய், பாவை அறுக்க வேண்டாம் என்று சொன்னேன். முனுசாமி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நடந்ததைச் சொல்லும்போது முன்னால் வைக்கிற வார்த்தை, கேட்கிறவர் மனசைத் திடப்படுத்திக்கொள்ள நாம் கொடுக்கும் அவகாசம். விளக்கு எதையும் தாங்கும். அம்மன் ஏற்றிவைத்த விளக்கு அது. மனுஷருக்குத்தான் அந்த அவகாசம் வேண்டும்.

சேலை முடிந்து கடைக்கு வந்தது. முதலாளி கற்பூரம் காட்டி, குங்குமம் வைத்தார். டெல்லிக்கு டிரங்க் கால் போட, தபாலாபீசுக்கு அவரும் கூடவே வந்தார். லைன் கிடைத்ததும் என் தோளைத் தட்டினார்.

"ஏகாம்பரம், இப்போ சொல்லுபா, உன் பழைய வார்த்தைய."

"ஃபார்ச்சுனேட்லி மேடம்..." என்று கத்தினேன். மீதியைச் சொல்வதற்குள் அந்தப் பக்கம் மகளின் சிரிப்பு கேட்டுவிட்டது.