அக்கா கேட்டு வாங்கிய விளக்குகள்

அக்கா மறைந்து ஓராண்டு ஆகிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப்பேர், அக்காவுக்கு ஒரு காலத்தில் பேய் பிடித்திருந்தது என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். தாம் இருக்கும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இனி சொல்லலாம்.

அக்கா அம்பாசமுத்திரத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை கிடைத்து நாங்கள் புனே வந்தபோது நான் கைக்குழந்தை. அம்மா நோயாளி. எனக்குச் சோறு ஊட்டியதும் அடி கொடுத்ததும் அக்காதான். படித்து, புனேயின் கேம்ப் பகுதியில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனார். புனேயை ஒட்டிய ஆகுர்டியில் வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்த அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டு, அங்கேயே ஒற்றை அறையில் பல வருடம் குடித்தனம் நடத்தினார். குழந்தை இல்லை என்று அப்போது பேசியவர்களும் இதே ஆட்கள்தான். அதை விடுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஊரின் மறுகோடியில், கொந்த்வாவில் மனை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார்கள். அன்று அங்கே சுற்றிலும் பாறையும் முள்ளும்தான். கொத்தனார்கள் போன பிறகு, பொழுது சாயும் வேளையில் அக்கா அங்கே போவார். எந்த இடத்தில் விளக்கு வர வேண்டும் என்று பார்ப்பதற்காக. நீளமான ஒயரில் ஒரு பல்பை மாட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில், படியில், பின்சுவரோரம் என்று மாற்றி மாற்றி நிற்கச் சொல்வார்.

ஒருநாள் அத்தானின் தமக்கையாரும் வந்திருந்தார். பின்சுவரோரம் நின்ற நான் கொசுக்கடி தாங்காமல் சத்தமில்லாமல் விலகி அக்காவின் வலப்பக்கம் வந்துவிட்டேன். கை நீட்டினால் தொடலாம். அக்கா வெறும் சுவரைப் பார்த்தே பேசினார்.

"ஏலே, அங்கனயே நில்லு. இப்பம் நல்லாத் தெரியுத. ஏன் உம்முன்னு மூஞ்சிய வச்சிருக்க? சிரியேம்ல."

சுவரைப் பார்த்து அவரும் சிரித்தார். தமக்கையார் அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகிட்ட தம்பி பேசுதா இவ?"

அன்றைக்குத் தொடங்கியது. முதலில் தாயத்து, பிறகு எலுமிச்சம்பழம். கடைசியில், மனையை வித்துத் தலைமுழுகு, இல்லையென்றால் பேயை ஓட்டு என்று தமக்கையார் பிடிவாதமாக நின்றார். வீட்டுக்கு மேல்தளம்கூடப் போட்டிருக்கவில்லை.

பள்ளி விட்டுப் பஸ்ஸுக்கு நிற்கும்போது அக்கா என்னிடம் உண்மையைச் சொன்னார். இருட்டினால் அவருக்கு ஒன்றும் தெரிவதில்லை. பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வரும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"அப்பம் அதச் சொல்லிரேன்க்கா. பேயின்னுல்லா கூத்தடிக்காங்க."

"பேயின்னா ஒரு நா ஆட்டிட்டு விட்டுருவாங்க. கண்ணு இல்லேன்னா சாகுத வரைக்கும் மூலையில உக்கார வச்சிருவாங்கல. வேலையும் போயிரும். நான் என் வீட்டுல என் காலால நடக்கணும்."

ஆகவே அக்கா பேயோட்ட உட்கார்ந்தார். உட்கார்ந்ததற்குக் காரணம் இதுதான். எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஆகுர்டியிலிருந்து உடுக்கை அடிக்கிற பூசாரி ஒருவரைக் கூட்டி வந்தார்கள். கூரையில்லாத ஹாலில், மங்கிய வெளிச்சத்தில், அக்காவைத் தலைவிரி கோலமாக உட்காரவைத்து வேப்பிலையால் அடித்தார். "யாரு நீ? என்ன வேணும்? போறியா இல்லியா?"

அக்கா தலையைச் சுழற்றி ஆடினார். பிறகு தொண்டை கட்டிய குரலில் தொடங்கினார்.

"போறேன். எனக்கு வெளிச்சம் வேணும். கேட்டுலேருந்து வாசல் வரைக்கும் முட்டங்காலுக்குக் கீழ ரெண்டு பக்கமும் வேணும். படிக்குப் படி வேணும். கதவத் தொறந்தா கை விழுத எடத்துல சுவிட்சு வேணும்." கொஞ்சம் நிறுத்தி, "பின்சுவர் ஓரத்துல ஒண்ணு. அது எனக்கு" என்றார்.

அதுவரை "கல்யாண மண்டபமா கட்டுத?" என்று இந்த விளக்குகளைக் கேலி செய்து தடுத்தவர் தமக்கையார். அவரே, "அம்புட்டையும் போட்டுக் குடுத்துரு தம்பி" என்று அழுதார்.

திரும்பும்போது ஆட்டோவில் எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பின்சுவர் பல்பு பிரமாதம்க்கா" என்றேன்.

"எந்தப் பல்பு?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் கை என் முழங்கையை இறுக்கியது. படிவரைக்கும் தாம் யோசித்து வைத்துச் சொன்னது என்றார். பின்சுவர் என்று தாம் சொல்லவே இல்லை என்றார். கடைசிவரை அதையேதான் சொன்னார். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்தப் பல்பைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

வீடு முடிந்தது. "அக்கா, பல்ப் மேலேதானே மாட்டுவாங்க" என்று எலக்ட்ரீஷியன் இந்தியில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அக்கா கேட்கவில்லை. இரவில் அந்தப் பாதையில் வருகிறவர்களுக்குக் கால் மட்டும் இருக்கும். இடுப்புக்கு மேல் ஒன்றும் இருக்காது. "பேய்க்குத்தான் கால் கிடையாதும்பாங்க, உங்க வீட்டுல காலுக்கு ஆளு இல்ல" என்று அத்தானின் நண்பர் ஒருவர் சொன்னார். உறவினர்கள் யாரும் இருட்டும்வரை தங்கியதில்லை.

பிற்காலத்தில் அக்காவுக்கு, குழாய் வழியே பார்ப்பதுபோல நேரே இருப்பது மட்டும் தெரிந்தது. பக்கத்தில் வந்து நிற்பவரைப் பார்க்கமாட்டார். அதையும் பேய்ப் பார்வை என்றீர்கள். பிறகு அதுவும் போயிற்று. அப்போதும் அந்தி சாய்ந்ததும் அறை அறையாகப் போய் எல்லா விளக்கையும் போடுவார். தமக்கல்ல, வருகிறவர்களுக்காக. போகிற வழியில் ஒரு நாற்காலியில்கூட அவர் இடித்ததில்லை. அத்தானிடம் அக்கா எதுவும் சொன்னதில்லை, அத்தானும் கேட்டதில்லை. ஆனால் அந்த வீட்டில் எந்தப் பொருளையும் அவர் இடம் மாற்றியதில்லை.

ஒருநாள் காலையில் நெஞ்சுவலி வந்தது. ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது.

காரியங்கள் முடிந்து எல்லோரும் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். இருட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. விளக்கு தானாக வரும் என்பதுபோல் அத்தனை பேரும் இருட்டில் இருந்தோம். பிறகுதான் ஒருவர் எழுந்தார், இன்னொருவர் எழுந்தார். சுவிட்ச் எங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நாலு சுவரையும் கைகள் தடவுகிற சத்தம் மட்டும் கேட்டது. தமக்கையார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

அத்தான் எழுந்து, யார் மீதும் படாமல் நேராக நடந்துபோய், கையை நீட்டிச் சுவிட்சைப் போட்டார். வெளிச்சம் வந்தபோது அவருடைய இரண்டு கண்ணும் மூடியிருந்தன. எத்தனை வருடமாக அப்படி நடந்து பழகினாரோ, தெரியாது.

சுடுகாடுவரை வந்தவர்களுக்கும், பத்து நாளும் அடுப்பைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு மராத்திக்காரர்களுக்கும், அக்காவின் மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. அத்தானின் தமக்கையாருக்கும் நன்றி சொல்ல வேண்டும். நீங்கள் பூசாரியைக் கூட்டி வராவிட்டால் அந்த விளக்குகள் வந்திருக்காது.

வீட்டை விற்கச் சொல்லி இனி யாரும் அத்தானுக்குப் போன் செய்ய வேண்டாம். அவர் அங்கேதான் இருப்பார். அவரைப் பார்க்க வருகிறவர்கள் இருட்டிய பிறகும் வரலாம்.