துபாஷிக்கு முளைத்த தங்கச்சி

இரண்டு பேருக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கச் சம்பளம் கொடுத்தால், அதற்குத் துபாஷி வேலை என்று பெயர். வீட்டில் அம்மாவுக்கும் மனைவிக்கும் நடுவில் நிற்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். என்ன, உங்களுக்குச் சம்பளம் இல்லை. வில்லியனூர் மேரியில், அதாவது பிரெஞ்சுக்காரர் நகராட்சி ஆபீசில், கலியாணம் பதிகிற வெள்ளைக்காரத் தொரைக்கு நான் துபாஷி; அவர் பிரெஞ்சைத் தமிழிலும் சனங்களின் தமிழைப் பிரெஞ்சிலும் மாற்றிச் சொல்வேன். ஒரு சொல் குழப்பினால் அதை அடுத்த மொழியில் போட்டுப் பார்ப்பது என் வழி. அங்கே அது இரண்டாகப் பிரிந்தால், எது என்று கேட்டுவிடலாம். பெரும்பாலும் பலிக்கும்.

ஒரே ஆள்

பாகூர்க் குடியானவர் ஒருவர் சாட்சியைக் காட்டி, "எங்க மாமா" என்றார். பிரெஞ்சில் அம்மாவின் தம்பிக்கு ஒரு சொல், பெண்டாட்டியின் அப்பாவுக்கு வேறு சொல். "அம்மா கூடப் பொறந்தவரா, பொண்ணு குடுத்தவரா?" என்றேன். எனக்குக் குரல் கம்மி; காதருகே போய் இன்னொரு தரம் கேட்க வேண்டியிருந்தது.

"ரெண்டும் அவருதாம்பா. இன்னா, ஒரே ஆளுக்குத் தொரை ரெண்டு நாற்காலி போடுவாரா?"

நாலு பேர் காதில் விழுந்தது

ஒதியம்பட்டு மாப்பிள்ளை சைகோனில் வளர்ந்தவர். பெண் குருவிநத்தத்து அஞ்சலை. பெண் என்ன உறவு என்று தொரை கேட்க, மாப்பிள்ளை பிரெஞ்சிலேயே "குஸீன்" என்றார். அத்தை மகள், சித்தப்பா மகள், பெரியம்மா மகள் எல்லாரையும் அந்த ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள் வெள்ளைக்காரர்கள். கூடியிருந்த சனங்களுக்கு நான் தமிழில் சொல்ல வேண்டும். எந்த மகள் என்று கேட்பதற்குள் தொரை மேசையைத் தட்டினார். பயத்தில், பள்ளிக்கூடத்து அர்த்தப் புத்தகத்தில் படித்தபடி "தங்கச்சி முறை" என்றேன். வாழ்நாளில் அன்றுதான் என் குரல் வாசல் வரை போனது.

பெண்ணின் அப்பா துண்டை உதறி எழுந்தார். "தங்கச்சின்னு நாலு பேரு காதுல வுழுந்துடுச்சி. இனிமே தாலி கட்டுனா ஊரு காறித் துப்பும். வண்டியப் பூட்டுடா!"

அஞ்சலை சொன்னது

"பெண்ணோட அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன். "அத்தே" என்றார். "பாருங்க, முறைப்பொண்ணுதான்!" என்று ஓடினேன். "மொற எனக்குத் தெரியாதா? சொன்ன வார்த்தைய எங்கடா கொண்டுபோய் வெக்கிறது?" என்றார் அப்பா. வெளியே மாட்டை நுகத்தடியில் பூட்டிக்கொண்டிருந்தார்கள். அதுவரை தலை குனிந்திருந்த அஞ்சலை நிமிர்ந்தாள்.

"யப்பா, தங்கச்சின்னு அவரா சொன்னாரு? சொன்னது துபாஷி. அப்ப நான் துபாஷிக்குத்தான் தங்கச்சி. இன்னா அண்ணா, முழிச்சிக்கினு நிக்கிற? மாப்பிள்ளைக்குக் கையெழுத்துப் போட எடத்தக் காட்டு."

சொல்லை மொழிபெயர்த்தால் அர்த்தம்தான் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். எனக்குக் கிடைத்தது ஒரு மருமகப் பிள்ளை. அஞ்சலை பெற்ற அந்தப் பயல் போன தையில் தாய்மாமன் மடி என்று என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டு, வேட்டியையும் நனைத்துவிட்டான்.