உதட்டை மட்டும் அசை

போன வாரம் எங்கள் தெருக்கோடி இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா. என்னையும் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ரிடையரான வாத்தியாரம்மா ஒருத்தி பக்கத்தில் இருந்தால் மேடைக்கு நல்லது, பூந்தொட்டி மாதிரி. முப்பது பிள்ளைகள் பட்டுப் பாவாடையும் சின்ன வேட்டியுமாக மேடைக்கு வந்து நின்றார்கள். யாரோ ஒரு பொத்தானை அழுத்தினார்கள். ஒலிபெருக்கியில் வேறு யாரோ பாட, பிள்ளைகள் உதட்டை அசைத்தார்கள். நடுவில் டேப் சிக்கிக்கொண்டு நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பிள்ளைகள் கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துக்கொண்டே இருந்தார்கள், தொட்டியில் மீன் வாய் திறப்பதுபோல. கூட்டம் கைதட்டியது. சிறப்பு விருந்தினரான அரிசி மண்டிக்காரர் சங்கீத ஞானத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்.

"இன்னா அழகா பாடுறாங்க இல்லீங்க?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

"ஆங், பாடுறாங்க" என்றேன். வேறென்ன சொல்ல? டேப் என்ற சாமானே இல்லாத காலத்தில் இந்த வித்தையை இந்தத் திருத்தணியில் சொல்லிக் கொடுத்தவள் நான். எனக்கு அதற்காக யாரும் சால்வை போர்த்தவில்லை. நல்லவேளை.

அந்தப் பட்டுப் பாவாடைகளிலிருந்து அந்துருண்டை வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு அந்துருண்டை என்றால் புடவை நினைவுக்கு வராது. ஆர்மோனியம்தான். மலைக்குக் கீழே நெசவுத் தெருவில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், எலி வராமல் இருக்க ஆர்மோனியப் பெட்டிக்குள் அந்துருண்டை போட்டு வைப்பார்கள். எலி வந்துகொண்டுதான் இருந்தது. இரண்டு வாசனையும் சேர்ந்து, பெட்டியைத் திறந்தால் முன்வரிசைப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். சங்கீதம் அப்படித்தான் ஆரம்பமாகும்.

யுத்த காலம் அது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்ததாகச் சொன்னார் எங்கள் பெரிய வாத்தியார். ஊரில் அரிசிக்கு வரிசையில் நிற்கிறார்கள், மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, சங்கீதம் மட்டும் கட்டாயம். பள்ளிக்கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். "பொம்பளைன்னா பாட்டு தானா வரும். இந்தாம்மா, நீதான் பாட்டு டீச்சர்" என்று முடித்துவிட்டார். என் குரலை அவர் கேட்டதில்லை. தகர டப்பாவில் கூழாங்கல் போட்டுக் குலுக்கினால் எப்படியோ அப்படி இருக்கும். சின்ன வயதில் நான் கோலாட்டத்தில் பாடினால் மற்ற பெண்கள் என்னிடமிருந்து கோலைப் பிடுங்கிக்கொள்வார்கள்.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். எட்டாவது பாஸ், பத்தொன்பது வயது, வீட்டுக்காரர் காசநோயில் போய் ஒன்றரை வருஷம். அண்ணன் வீடு திருவாலங்காட்டில். அங்கே எனக்கு இடம் அடுப்படிக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் நடுவில். இந்த வேலையோ தற்காலிகம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்ல ரிப்போர்ட் எழுதினால் நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடியும் சாணி. சாணி அள்ளக் கூடாது என்பதற்காகச் சங்கீதம் தெரியும் என்று தலையாட்டினேன். இதைவிடக் கேவலமான காரணங்களுக்குப் பாட்டு டீச்சரானவர்களை அப்புறம் நிறையப் பார்த்துவிட்டேன்.

ஆர்மோனியம் ஆடிக் கிருத்திகைக்கு வந்த ஒரு நாடகக் கம்பெனி விட்டுவிட்டுப் போனது. பெரிய வாத்தியார் அதன் கட்டைகளின் மேல் நம்பர் எழுதிய காகிதத் துண்டுகளைக் கஞ்சிப் பசையால் ஒட்டினார். மூன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அதன்படி விரலை வைக்கச் சொன்னார். அவர் தலையில் அதுதான் சங்கீதம். நானும் டைப் அடிப்பதுபோல் அடிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரே ஒரு சங்கடம். ஏழாம் நம்பர் கட்டை வேலை செய்யாது. அழுத்தினால் 'புஸ்' என்று காற்று வரும், அவ்வளவுதான்.

"அரக்கோணத்துக்கு அனுப்பி ரிப்பேர் பண்ணலாங்களா?" என்று கேட்டேன்.

"ஒரு கட்ட போனா இன்னாம்மா? மீதி முப்பத்தாறு கீதே!" என்றார்.

பாட்டும் அவரே எழுதியதுதான். இன்ஸ்பெக்டருக்கு வரவேற்பு. 'வருக வருக துரையே' என்று ஆரம்பிக்கும். இன்ஸ்பெக்டர் வேலூர்ப் பக்கத்துத் தமிழர். கறுப்பு மனிதர். ஆனாலும் துரை. நான் ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுவேன், செய்தித்தாள் படிப்பதுபோல. பிறகு ஆர்மோனியத்தை அழுத்துவேன். ராகத்துக்குப் பிள்ளைகள் ஆர்மோனியத்தைத்தான் நம்ப வேண்டும். என் வாயை நம்ப முடியாது.

சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களே, சொல்லிக் கொடுப்பதை அப்படியே எடுத்துக்கொள்வார்கள். ஏழாம் நம்பர் வரும் இடத்தில் எல்லாம் ஐம்பது பிள்ளைகளும் பாட்டை நிறுத்தி 'புஸ்' என்றார்கள். 'வருக வருக புஸ்ரையே' என்று கணீரென்று வந்தது. நான் சிரித்துவிட்டேன். திருத்த வேண்டுமானால் நான் பாடிக் காட்ட வேண்டும். விட்டுவிட்டேன். பெரிய வாத்தியாருக்கு அது தாளம்போல் பட்டது. தொடையில் தட்டிக்கொண்டு ரசித்தார்.

ஒரு பிள்ளை மட்டும் 'புஸ்' சொல்லவில்லை. நாகரத்தினம் என்று பெயர், நாகு என்று கூப்பிடுவோம். ஏழு வயது இருக்கும். தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பம். எல்லோரும் மூச்சை விடும் அந்த இடத்தில் அவள் குரல் மட்டும் தனியாக 'து' என்று எழும். ஆர்மோனியத்தில் இல்லாத ஸ்வரம் அது. எங்கிருந்து எடுத்தாளோ, சரியாக எடுத்தாள். எனக்குப் பாடத்தான் வராதே தவிரக் காது செவிடில்லை.

பெரிய வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டினார். "யாரு அது? எல்லாரும் நிறுத்துற எடத்துல ஒரு கழுத மட்டும் கத்திகினு இருக்குது!"

நாகு எழுந்து நின்றாள். பயமெல்லாம் இல்லை. என்னைப் பார்த்து, "அங்க பாட்டு இருக்குதே, பந்துலம்மா" என்றாள். தெலுங்குப் பிள்ளைகள் வாத்தியாரம்மாவை அப்படித்தான் கூப்பிடும்.

"ஐம்பது பேரு தப்பு, இவ ஒருத்தி ரைட்டாம்! இந்தாம்மா, இன்ஸ்பெக்டர் முன்னால இது மாதிரி கத்துனா உன் ரிப்போர்ட் என்னாவும்னு யோசிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே போனார்.

யோசித்தேன். அதிக நேரம் ஆகவில்லை. நாகுவைப் பக்கத்தில் கூப்பிட்டு, "நீ சத்தம் போடாத. உதட்ட மட்டும் அசை" என்றேன். "எந்த எடத்துல?" என்று கேட்டாள். "பாட்டு முழுக்க" என்றேன். தலையாட்டினாள். அவ்வளவு சமர்த்தான பிள்ளை. சமர்த்தான பிள்ளைகளுக்குத்தான் எப்போதும் இது நடக்கும். முரண்டு பிடிக்கிறவர்கள் தப்பித்துவிடுவார்கள்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று என்னையும் ஆர்மோனியத்தையும் கரும்பலகைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். தாலி அறுத்தவள் முகத்தில் துரை விழித்துவிடக் கூடாதாம். என் சங்கீதம் வேண்டும், முகம் வேண்டாம். நானும் போய் உட்கார்ந்தேன். ஆக, அன்று நடந்தது எதையும் நான் பார்க்கவில்லை, கேட்டதுதான்.

பாட்டு முடிந்தது. ஏழெட்டு 'புஸ்'ஸும் ஒழுங்காக வந்தன. இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "பேஷ்! நடுநடுவே மூச்சுப் பயிற்சி வேற வச்சிருக்கீங்க. இது நல்ல முறை. மத்த பள்ளிக்கூடத்துக்கும் சொல்லணும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒரு வாத்தியார் பிற்பாடு இதைக் கற்றுக்கொள்ள எங்களிடம் வந்தார். அந்த மனுஷனுக்கும் 'புஸ்' சொல்லிக் கொடுத்தேன்.

அதோடு போயிருக்கலாம். "அந்தப் பொண்ணு வாய அசைக்கிறது ரொம்ப லட்சணமா இருக்கு. அது தனியா பாடட்டும்" என்றார் இன்ஸ்பெக்டர். யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. 'வாசிம்மா' என்று பெரிய வாத்தியார் குரல் கொடுத்தார். வாசித்தேன். குரல் வரவில்லை. அடுத்த வரியில் வரும் என்று வாசித்தேன். வரவில்லை. பாட்டு முழுவதும் ஆர்மோனியம் மட்டும் தனியாக முனகிக்கொண்டிருந்தது. அவள் நான் சொன்னதைச் செய்துகொண்டிருந்தாள்.

"அடடா, ஊமைப் பிள்ளையா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரிய வாத்தியார் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "ஆமாங்க, பாவங்க. ஊமைன்னு ஒதுக்காம அதையும் சேத்துகினு சங்கீதம் சொல்லிக் குடுக்கிறோங்க."

கரும்பலகைக்கு இந்தப் பக்கம் நான் இருந்தேன். 'அவள் ஊமை இல்லை' என்று சொல்ல மூன்று வார்த்தை போதும். எழுந்து நிற்கக்கூட வேண்டாம். நான் ஆர்மோனியத்தின் துருத்தியை மூடி, கொக்கியை மாட்டினேன். இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட் எழுதினார். ஊமைக் குழந்தைக்கும் சங்கீதம் போதிக்கும் அரிய பள்ளி என்று. என் வேலை நிரந்தரமாயிற்று. பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் நாகுவின் பெயருக்கு எதிரே 'ஊமை' என்று பெரிய வாத்தியார் சிவப்பு மையில் எழுதினார், அடுத்த வருஷம் மறந்துபோகாமல் இருக்க.

நாலு நாள் கழித்து நாகுவின் நைனா வந்தார். தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார், தலைமயிரில் பஞ்சு. "ஏங்க, எங்க நாகு ஊமைன்னு சர்க்கார் நோட்டுல எழுதிட்டீங்களாமே? தெருவுல புள்ளைங்க ஊமச்சி ஊமச்சின்னு கூப்புட்டுகினு ஓடுதுங்க. நாளைக்கு இவள யாருங்க கட்டுவான்?"

"அட, அது ஆபீஸ் விஷயம்பா" என்றார் பெரிய வாத்தியார். "ஊட்டுல பேசறா இல்ல? பேசிகினே இருக்கட்டும். இன்ஸ்பெக்டர் வர்றப்ப மட்டும் ஊம. வருசத்துல ஒரு நாள் ஊமையா இருந்தா இன்னா கெட்டுப் போவுது?"

அந்த மனிதர் என்னைப் பார்த்தார். பெண்பிள்ளை, இவளாவது உண்மை சொல்வாள் என்று நினைத்திருப்பார். "ஆமாங்க, ஆபீஸ் விஷயம்தாங்க" என்றேன்.

இன்ஸ்பெக்டர் மறு வருஷமும் வந்தார். ஊமைப் பிள்ளையை முதல் வரிசையில் நிறுத்தச் சொன்னார். தலையைத் தடவி ஒரு பென்சில் கொடுத்தார். நாகு கும்பிட்டாள். அதற்குள் அவள் வகுப்பில் யாரிடமும் பேசுவதை விட்டிருந்தாள். அதிகாரிகளுக்காகப் போட்ட வேஷம் பிள்ளைக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. எங்களுக்கு அது வசதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் மணி அடித்துப் பிள்ளைகள் போய்விட்டார்கள். நாகு பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு என்னவோ மனசு கேட்கவில்லை. "நாகு, அந்தப் பாட்ட ஒரு தரம் பாடு" என்றேன்.

அவள் திரும்பி, "சத்தத்தோடயா பந்துலம்மா, சத்தம் இல்லாமயா?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூட வாசலில் பெரிய வாத்தியார் வெற்றிலை துப்பும் சத்தம் கேட்டது. கூடவே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். கல்வி ஆபீஸ் குமாஸ்தாவாக இருக்கலாம். காய்கறிக்காரனாகவும் இருக்கலாம்.

"சத்தம் இல்லாம" என்றேன்.

கையைக் கட்டிக்கொண்டு நின்று, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, ஒரு வார்த்தை விடாமல் உதட்டை அசைத்தாள். நானும் வாத்தியார் மாதிரி நின்று பார்த்துவிட்டு, "நல்லாருக்குது, போ" என்றேன். அடுத்த மாதம் அவள் நைனா அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தறிக்கு நூல் தார் சுற்ற உட்கார வைத்துவிட்டார். பிறகு நகரிப் பக்கம் கட்டிக் கொடுத்ததாகக் கேள்வி. நான் விசாரிக்கப் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

சுதந்திரம் வந்ததும் 'துரையே' என்பதை 'தலைவரே' என்று மாற்றி, கொஞ்ச நாள் மந்திரிகளுக்கு அதே பாட்டை, அதே 'புஸ்'ஸோடு பாடினார்கள். மந்திரிகளும் ரசித்தார்கள். பெரிய வாத்தியார் பாராட்டு விழாவெல்லாம் பார்த்துவிட்டுச் சௌகரியமாகச் செத்தார். ஆர்மோனியம் செல்லரித்துப்போனது. ரிஜிஸ்டர்கள் அப்போதைய ஜில்லாத் தலைநகர் சித்தூருக்குப் போயின. எங்கள் ஊர் ஆந்திராவிலிருந்து பிரிந்து மெட்ராஸோடு சேர்ந்தபோது அவை திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில், மொட்டை போட வருகிறவர்கள் தங்க ஒரு லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். இதில் ஒன்றுக்காகவும் எனக்கு வருத்தம் இல்லை. போகட்டும், போக வேண்டியவைதான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, அந்தப் பிள்ளை எப்படிப் பாடுவாள் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. அவளுக்கு இரண்டு வருஷம் நான்தான் பாட்டு டீச்சர். அவள் தனியாகப் பாடி நான் கேட்டது 'து' என்ற ஒரே ஒரு எழுத்துதான்.