ருக்குரு ஆறும் லுசுங்குவின் கணினியும்

தன் கையால் கட்டிய கருவியை ஒருவர் கூடுதலாக நம்ப வேண்டுமா, குறைவாகவா? கரோங்கா என்ற ஊரின் வெள்ளக் கண்காணிப்பு அலுவலகத்தில் கணினியைப் பார்த்துக்கொண்ட லுசுங்கு கோண்ட்வேயின் வாழ்க்கை கேட்டது இதைத்தான்.

ருக்குரு ஆற்றின் நீர்மட்ட அளவுகள் மலையிலிருந்து அவளுடைய கணினிக்கு வரும். அதிலுள்ள நிரல் கணக்குப் போட்டு, ஆபத்தென்றால் கரையோரக் கிராமங்களுக்குச் செய்தி அனுப்பும். அந்த மழைக்காலத்தில் வந்த புதிய நிரல் பைத்தான் என்ற நிரல்மொழியின் புதிய பதிப்பைக் கேட்டது. பழைய கணினிக்கு அது ஆயத்தமாகக் கிடைக்கவில்லை. பேருந்தில் வந்த பென்டிரைவிலிருந்து அதன் மூல நிரலை எடுத்து, ஓடக்கூடிய வடிவாகத் தானே தொகுத்து, பழையதன் மேலேயே நிறுவினாள்.

மலையிலிருந்து வரும் தரவுகளைத் திறக்கும் பகுதி மட்டும் உருவாகவில்லை. அதற்கு வேண்டிய கோப்புகள் கணினியில் இல்லை என்று தொகுப்பின் கடைசி வரிகள் சொல்லியிருந்தன. வேலை முடிந்த சந்தோஷத்தில் அவற்றை யாரும் படிப்பதில்லை, அவளும் படிக்கவில்லை. பழையதும் போய்ப் புதியதும் உதவாமல் எச்சரிக்கை அனுப்புவதே நின்றது. மலைப்பக்கம் வானம் கறுத்துக்கொண்டிருந்தது.

போன வாரம் அவளுடைய கணினி அனுப்பிய எச்சரிக்கை பொய்த்திருந்தது. கிராமத் தலைவர் முவாங்கோண்டே அன்றே போனில் சொல்லிவிட்டார்: "ஆட்டையும் கட்டிலையும் மேட்டுக்குத் தூக்கினோம் மகளே. ஆறு எட்டிக்கூடப் பாக்கல. இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ஒருத்தனும் எந்திரிக்க மாட்டான்."

விடுபட்ட கோப்புகளைப் பென்டிரைவிலேயே தேடி எடுத்து, இம்முறை தனி இடத்தில் தொகுக்கத் தொடங்கினாள். பாதியில் மின்சாரம் போயிற்று. கணினி பேட்டரிக்கு மாறியது. வரிகள் ஓட ஓட, அவள் பார்வை திரைக்கும் ஜன்னலுக்குமாக அலைந்தது.

"அக்கா, இந்நேரத்துக்கு நான் மக்காச்சோள மாவுல சீமா களி கிண்டி, தின்னு, சட்டியையும் கழுவியிருப்பேன்" என்றான் உடன் வேலை பார்த்த சிமாங்கோ. அவள் சிரிக்கவில்லை.

பேட்டரி சாகும் முன் தொகுப்பு முடிந்தது. கடைசி வரிகளை இருமுறை படித்தாள். எதுவும் விடுபடவில்லை. நிரல் ஓடி முடிவைச் சொன்னது: ஆறு இன்று கரை தாண்டாது.

சிமாங்கோ பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாரானான். அவள் ஜன்னலருகே போய் மலைப்பக்கம் கறுத்திருந்த வானத்தைப் பார்த்தாள். பிறகு முவாங்கோண்டேவைப் போனில் அழைத்தாள்.

"எல்லாரையும் மேட்டுக்கு ஏத்துங்க, தலைவரே."

"மெஷின் சொல்லுதா?"

"இல்ல. நான் சொல்றேன்."

மறுநாள் தண்ணீர் கரையைத் தாண்டி, கிராமத்து மரவள்ளித் தோட்டத்தின் பாதிவரை ஏறி நின்றிருந்தது, வீடுகளைத் தொடவில்லை. அந்த அழைப்பைப் பற்றிச் சிமாங்கோ எத்தனையோ முறை கேட்டான். அவள் காரணம் சொன்னதே இல்லை.