மர்ரி மரத்தடியில் ஒரு கபர்

என் கணவரை அடக்கிய கபரை நான் பார்த்ததில்லை. அது ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்துக்கு வெளியே ஒரு மையவாடியில் இருக்கிறது. நான் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறேன். ஆனாலும் அந்த இடத்தின் மரமும் பறவையும் எனக்கு அத்துப்படி என்றுதான் போன மாதம்வரை நினைத்துக்கொண்டிருந்தேன். தெரிந்ததெல்லாம் நூங்கார் மொழியில்.

ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலையில் வாழும் பூர்வகுடிகளின் மொழி அது. நாங்கள் குடியிருந்த புறநகரின் பெயர் 'அப்' என்று முடியும். சுற்றுவட்டாரத்தில் பல ஊர்களுக்கு அதே முடிவுதான். 'அப்' என்றால் இடம். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் ஊருக்கு ஊர் 'குடி' என்று முடிவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு வாரம் ஒருநாள் நூங்கார்ப் பெண்மணி ஒருவர் வந்து பாடம் நடத்துவார். ஆறு வயதில் என் மகளுக்குப் பறவைகளின் பெயர் தமிழில் தெரியாது, ஆங்கிலத்தில் அரைகுறை. நூங்காரில் கேட்டால் மடமடவென்று கொட்டுவாள். கருப்பும் வெள்ளையுமாகத் தலையைத் தூக்கிப் பாடுவது கூல்பார்டி. காக்கை, வார்டாங். வாலில் சிவப்புப் பட்டை உள்ள பெரிய கருங்கிளி, காரக். காரக் உட்கார்ந்து கொறித்துப் போடும் தடித்த காய்கள் மர்ரி மரத்துடையவை. ஒன்றைச் சொன்னால் அடுத்தது தானாக வரும். பறவையைத் தனியாகவும் மரத்தைத் தனியாகவும் அந்த அம்மாள் கற்றுக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

அவளுடைய அத்தா, என் கணவர், மௌத்தானது அங்கே குளிர் தொடங்கிய சமயம். வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், உட்கார்ந்தபடியே போய்விட்டார். மறுநாள் அடக்கம். எங்கள் குடும்பத்துப் பெண்கள் மையவாடிக்குப் போகும் வழக்கமில்லை. அதன்பிறகு இத்தா. கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் காலம். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. படுத்தியிருந்தால், எனக்கிருக்கும் வாய்த்துடுக்குக்கு முடியாது என்று சொல்லியிருப்பேன். நானாகத்தான் இருந்தேன். எங்கேயும் போகவேண்டாம், யாருக்கும் பதில் சொல்லவேண்டாம் என்பது அப்போது வசதியாக இருந்தது.

பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யார் கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க எனக்கு அப்படி இருந்தது. அழுகை வரவில்லை. ஊரிலிருந்து போன் செய்து அழுதவர்களுக்கு நான்தான் ஆறுதல் சொன்னேன். கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னதாகக் காதில் விழுந்தது. அதுவும் வலிக்கவில்லை.

பக்கத்து வீட்டில் கூத்தாநல்லூர்க்காரர் ஒருவர் இருந்தார். மகளுக்கு அங்கிள். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்து, அவளுடைய பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கிருந்தே அவளை மையவாடிக்குக் கூட்டிப்போவார். திரும்பி வந்ததும் அவள் பையைக்கூடக் கழற்றாமல், ஜன்னலோரம் நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு முன்னால் வந்து நிற்பாள்.

"அத்தா ஒரு மர்ரி மரத்துக்குக் கீழ இருக்காங்கம்மா. மேல ரெண்டு காரக். காயைக் கடிச்சுக் கடிச்சு அத்தா மேல போடுதுங்க."

"அத்தாவுக்கு வலிக்குமே?"

"இல்லம்மா. மண்ணு மேலதான்."

அடுத்த வாரம் கூல்பார்டி வந்தது. மழை வலுத்த வாரம், மக்கூரு வந்துவிட்டது என்றாள். நூங்கார்க் கணக்கில் ஆண்டுக்கு ஆறு பருவம். அதில் குளிரும் மழையுமாக இருப்பது மக்கூரு. மக்கூருவில் மாலி என்கிற கருப்பு அன்னம் கூடு கட்டுமாம். அத்தாவுக்குப் பக்கத்தில் ஒரு மாலி நடந்துபோயிற்றாம். நான் நம்பினேன். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பது என் தொழில். அடுத்தவன் எழுதியதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். கபருக்குப் பக்கத்தில் அன்னம் நடந்ததை நம்பினேன்.

ஒரு வாரம் குவெண்டா வந்து மண்ணைத் தோண்டியது என்றாள். கூர்மூக்கு வைத்த பெருச்சாளி அளவுப் பிராணி அது. எனக்குப் பதறிவிட்டது. அங்கிளைக் கூப்பிட்டு, "ஏதோ குழி தோண்டுதாமே, கொஞ்சம் பாருங்களேன்" என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க. நீங்க மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வாரத்தில் அந்த வெள்ளிக்கிழமை ஒருநாள்தான் நான் தலை வாரினேன்.

இத்தா முடிந்ததும், கபரை ஒரு தடவை வந்து பார்க்கிறீர்களா என்று அங்கிள் கேட்டார். வழக்கமில்லை என்றேன். வழக்கத்தின்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை எப்போதும் இருந்ததில்லை. அரிசி களைவது முதல் அக்கா கல்யாணம்வரை எல்லாவற்றிலும் எதிர்க்கேள்வி கேட்டு வளர்ந்தவள் நான். மகள் சொன்ன மர்ரி மரத்தடியில் என் கணவர் நிழலில் படுத்திருப்பதுபோல ஒரு இடம் மனதில் அமைந்துவிட்டது. நேரில் பார்த்தால் மண்ணுக்குள் இருப்பது தெரிந்துவிடும். அதற்குப் பயந்தேன். சில மாதத்தில் கம்பெனி என்னை நியூ ஜெர்சிக்கு மாற்றியது. "இங்க வந்துடுக்கா, நான் பாத்துக்கிறேன்" என்று வெஸ்ட் வின்ட்சரில் இருந்த தம்பியும் சொன்னான். வந்துவிட்டேன். என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன தம்பி விடிவதற்குள் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் பிடித்தால் இருட்டிய பிறகு வருகிறான். அவனை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று தெரியவில்லை.

மகளுக்கு இப்போது பதினொரு வயது. பேச்சு முக்கால்வாசி ஆங்கிலம். நூங்கார்ச் சொற்களை அவள் விட்டுவிட்டாள், நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்புறப் புல்வெளியில் காக்கை உட்கார்ந்தால் வார்டாங் என்பேன். "அது வேற காக்காம்மா. இட்ஸ் நாட் ஈவன் த சேம் பேர்ட்" என்பாள். சரியாகத்தான் சொன்னாள். அந்தப் பெயர் அங்கே இருக்கும் காக்கைக்கு அங்கே இருப்பவர்கள் வைத்தது. இங்கே ஸ்ட்ரிப் மால் கடைகளின் குப்பைத்தொட்டியில் உட்கார்ந்திருப்பதை அப்படிக் கூப்பிட எனக்கு என்ன உரிமை? இருந்தாலும் கூப்பிட்டேன்.

போன மாதம் அங்கிள் வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பினார். தலைமாட்டுக் கல்லைத் துடைத்து, துஆ ஓதி, போனை மெதுவாக ஒரு சுற்று சுற்றிக் காட்டியிருந்தார். சமதளமான புல்தரை. முழங்கால் உயரக் கற்கள், வரிசை வரிசையாக. ஓரத்தில் கம்பி வேலி, அதற்கப்பால் லாரி போகும் சாலை. காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு பறவைகூட இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"மரத்தை வெட்டிட்டாங்களா?"

"எந்த மரம்ங்க? அந்தப் பக்கம் மரமே கிடையாதே, ஆரம்பத்துலேர்ந்து."

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளைப் பள்ளிவாசலில் நடக்கும் மார்க்க வகுப்புக்குக் காரில் கூட்டிப்போனேன். வாசலில் நிறுத்தி, வீடியோவைக் காட்டி, மர்ரி மரம் எங்கே என்று கேட்டேன். அவள் போனை வாங்கி முழுவதும் பார்த்தாள். முதல்தடவை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"நான் கார்லேர்ந்து இறங்கவே இல்லம்மா. ஒருநாள்கூட. ஐ வாஸ் ஸோ ஸ்கேர்ட். அங்கிள் மட்டும் போய்ட்டு வருவாங்க. அம்மாட்ட சொல்லாதீங்கன்னு நான்தான் ப்ராமிஸ் வாங்கினேன்."

"அப்போ காரக்? மாலி? குவெண்டா?"

"ஸ்கூல்ல அந்த வாரம் என்ன சொல்லிக் குடுத்தாங்களோ, அது." போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீங்க ஜன்னல்கிட்டயே உக்காந்திருப்பீங்க. எது கேட்டாலும் ம்னு மட்டும் சொல்வீங்க. அத்தாவைப் பத்திச் சொன்னாதான் என் முகத்தைப் பார்ப்பீங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஐந்து வருடத்தில் முதன்முதலாக எங்கேயோ வலித்தது. அவர் போனதிலிருந்து அவரைச் சேர்ந்தவர்கள் ஒருவர்கூட அந்தக் கல்லுக்கு முன்னால் போய் நிற்கவில்லை. நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன், அவள் காருக்குள் உட்கார்ந்திருந்தாள். வாரம் தவறாமல் போய் நின்றது பக்கத்து வீட்டுக்காரர்.

"லீவ்ல டிக்கெட் போடவா? ரெண்டு பேரும் போய்ப் பாத்துட்டு வருவோம்."

அவள் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தாள். வகுப்புக்கு வந்த பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"நீங்க கார்லேர்ந்து இறங்குவீங்களாம்மா?"

"தெரியலடா" என்றேன். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றாமலே என் பக்கம் சாய்ந்து, என் முகத்தைத் தன் கையால் துடைத்தாள். வகுப்புக் கதவைச் சாத்திவிட்டார்கள். அன்றைக்கு அவள் இறங்கவில்லை. இறங்கு என்று நானும் சொல்லவில்லை.